கீழே இறங்கியதும் ஓர் அடி

உஸ்மான் சார் அறைந்ததில் என் கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. எழுபதைத் தாண்டிய மனிதரின் கை என்றால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். வாயைத் திறந்து காட்டுகிறேன், வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள்.

மாடம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், கல் உடைத்து முடித்துக் கைவிட்ட குவாரி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மலையேற்ற கிளப் அங்கேதான் கூடும். அன்றைக்கு நான் பாறை உச்சியில் நின்றிருந்தேன். கீழே குட்டைத் தண்ணீர் பச்சையாகப் பளபளத்தது. ரீல் எடுக்க அருமையான வெளிச்சம். இடுப்புப் பட்டியிலிருந்து போகும் கயிறு மட்டும் ஃபிரேமில் அசிங்கமாகத் தெரிந்தது. கழற்றினேன். அவ்வளவுதான். பின்பக்கப் பாதை வழியாக ஏறி வந்திருந்த உஸ்மான் சார் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்பக்கம் இழுத்தார், மண்ணில் தள்ளினார், எழுவதற்குள் அறைந்தார். செல்போன் குட்டையில் போய் விழுந்தது.

"கயித்தக் கழட்டுவியா? மேல இருக்கும்போது கழட்டுவியாடா?" இன்னொரு அறை. காது கொய்யென்றது.

எல்லாரும் கீழே இறங்கி வந்தோம். உஸ்மான் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினார். பிறகு என் முன்னால் வந்து, கைகளைத் தொங்கவிட்டு நின்றார்.

"அடி."

"சார்?"

"மேல நான் அடிச்சேன்ல? கீழ வந்தாச்சு. திருப்பி அடி."

சிரித்துவிட்டேன். "விடுங்க சார், நீங்க எவ்ளோ பெரியவரு..." என்று குனிந்து அவர் காலைத் தொடப் போனேன். முழங்காலால் என் தோளில் ஒரு தள்ளு. மல்லாந்து விழுந்தேன்.

"கால்ல விழுறதெல்லாம் உன் காலேஜ் ஃபங்ஷன்ல வெச்சுக்க. எழுந்து அடி."

கிளப்பில் பழைய ஆளான தீபா அக்கா, "அடிச்சிரு சாலமன். நீ அடிக்கிற வரைக்கும் அவர் இங்கயேதான் நிப்பாரு. வெயில் வேற ஏறுது" என்றார்.

கன்னத்தில் லேசாகத் தட்டினேன். "இது கொசுவுக்கா?" என்றார். எனக்கும் பல் வலித்துக்கொண்டிருந்தது, புது போன் வேறு போயிருந்தது. ஓங்கி ஒன்று விட்டேன். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. பல்லில்லாத வாயால் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். ஃபிளாஸ்கைத் திறந்து முதல் டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

தாம்பரம் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே, லீவு சேர்த்து வைத்து, இமயமலைக்குக் குழுக்களைக் கூட்டிப் போனவர் அவர். எல்லாரும் அவரை கேப்டன் என்பார்கள். உச்சிகளில் காற்று குறையும்போது மூளை மந்தமாகிவிடும். கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றும். உட்கார்ந்தவன் எழமாட்டான். கெஞ்சினால் எழமாட்டான், கத்தினால் எழமாட்டான். அடித்தால் எழுவான். அதனால் அவர் குழுவில் ஒரு சட்டம் இருந்தது. மேலே தலைவன் அடிக்கலாம். முகாமுக்கு இறங்கியதும், எல்லாரும் பார்க்க, அடிபட்டவன் தலைவனைத் திருப்பி அடிக்க வேண்டும். பிறகு தலைவன் டீ ஊற்றித் தர வேண்டும். அடியை யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அவர் மூக்கு ஒரு பக்கம் கோணி, நடுவில் மறுபக்கம் கோணி இருக்கும். இரண்டும் அப்படி வாங்கியவை.

"அப்போ எல்லாரும் திருப்பி அடிச்சிட்டாங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் பாக்கி" என்றார்.

சாயங்காலம் எனக்கு ஒரு போன் வந்தது. அம்மாவின் நம்பரைக் கிளப்பில் கொடுத்திருந்தேன். உஸ்மான் சாரின் மகள் சித்திகா அக்கா. "அத்தா மூக்குல குத்தினது நீதானே? வீட்டுக்கு வா" என்றார். போனேன். அக்கா சேலையூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். அப்பாவைப் போலவே சோடாபுட்டிக் கண்ணாடி. கையில் இருந்த துண்டு முழுக்க ரத்தம்.

"இப்பதான் நின்னுச்சு. அத்தாவுக்கு இதயத்துல வால்வு மாத்தியிருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார். ஷேவ் பண்ணும்போது கீறினாலே துண்டு நனையும். தலையில ஒரு குத்து விழுந்தா உள்ளயே கசிஞ்சு ஆள் போயிடுவார். புரியுதா உனக்கு?"

"சாரிக்கா. அவருதான் அடிக்கச் சொன்னாரு..."

"அவர் சொல்லுவார். அவருக்குத்தான் அறிவில்ல."

அந்த நேரம் கேட் சத்தம் கேட்டது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த உஸ்மான் சார் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போய், நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வந்தது தண்ணீர் கேன் போடுகிறவர்.

"பார்த்தியா?" என்றார் அக்கா. "யார் வந்தாலும் இப்படித்தான். கண்ணாடி இல்லாம நீ நானுன்னே தெரியாது. ஆனா கழட்டிட்டுத்தான் போவார். குமரேசன் வந்துட்டான்னு நினைப்பு."

குமரேசன் கதையை அக்காதான் சொன்னார். சொல்லும்போது துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

இமயமலையில் கர்வால் பக்கம், வரைபடத்தில் பெயர்கூட இல்லாமல் எண் மட்டும் உள்ள ஒரு சிகரம். பெருங்களத்தூர் குமரேசனும் அவர் தம்பி மோகன்ராஜும் குழுவில் இருந்தார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே மோகன்ராஜ் சறுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்து துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தூக்கப் பார்க்கும்போதே பனிப்புயல். நீட்டிய கை தெரியவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் அத்தனை பேரும் சாக வேண்டும். உஸ்மான் சார் மோகன்ராஜைப் பாறை மறைவில் உட்கார வைத்தார், போர்த்தினார், கையில் விசிலைக் கொடுத்தார், மற்றவர்களை இறக்கினார்.

கொஞ்ச தூரம் இறங்கியதும் குமரேசன் இடுப்புக் கயிற்றைக் கழற்றிவிட்டு மேலே திரும்பினார். உஸ்மான் சார் பனிக்கோடரியைத் திருப்பிப் பிடித்து, அதன் தண்டால் அவர் தொடையில் அடித்தார். குமரேசன் விழுந்து எழுந்தார். சார் முழங்காலில் அடித்தார். விழுந்தவர் மறுபடி எழுந்து, சாரின் கழுத்தைப் பிடித்து, பனிக் கண்ணாடிக்குள் கட்டைவிரலை நுழைத்துக் கண்ணைத் தோண்டப் பார்த்தார். அடுத்த அடி தாடையில். எலும்பு நொறுங்கிய சத்தம் அந்தக் காற்றையும் மீறிக் கேட்டதாம். கைகளைக் கட்டி, மூட்டைபோல் பனியில் இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் விசில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் வரவில்லை.

முகாமில் உஸ்மான் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் போய் நின்றார். குமரேசன் ரத்தத்தைத் துப்பினார். உடைந்த தாடையால் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அப்பறம்." போய்விட்டார். அதற்குப் பிறகு உஸ்மான் சார் எந்த மலைக்கும் தலைமை ஏற்கவில்லை. கேட்டைப் பார்த்தபடி கால் நூற்றாண்டு போயிருக்கிறது.

நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் எப்போதுமே முடியாத விஷயம் அது. இரண்டு பேரையும் பார்க்க வைத்தால் போதும், கட்டிப் பிடித்து அழுதுவிடுவார்கள், நான் ஓரமாக நின்று வீடியோ எடுக்கலாம் என்று தோன்றியது. அப்பாவின் பழைய போனை வாங்கிக்கொண்டேன். குமரேசன் நாவலூரில் இருக்கிறார் என்று தீபா அக்கா சொன்னார். கல்லூரிக்குக் கட் அடித்துவிட்டுக் காட்டாங்குளத்தூரிலிருந்து பைக்கில் போனேன்.

ஐ.டி. கட்டடங்களின் வெளிக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கித் துடைக்கும் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. நான் போனபோது பார்க்கிங்கில் சின்னக் கூட்டம். ஒல்லியான ஒருவன், டேனியல் என்று பெயர், குமரேசனின் எதிரில் நின்றிருந்தான். அவன் உதடு வீங்கியிருந்தது.

"சீக்கிரம் வுடு, டேனியலு. வேல கீது" என்றார் குமரேசன். அவருடைய தாடை ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. டேனியல் ஓங்கி அறைந்தான். குமரேசன் தலையை ஒரு முறை உதறிவிட்டு, ஃபிளாஸ்கை எடுத்து அவனுக்கு டீ ஊற்றினார். "இனிமே மேல கொக்கிய கழட்டின, பல்லே இருக்காது."

எனக்குப் புல்லரித்தது. உடனே வாயை விட்டேன். "அண்ணா, இது உஸ்மான் சார் சட்டம்தானே?"

என் சட்டைக் காலர் இறுகியது. முதுகு வேன் கதவில் மோதியது. மறுபடியும் மோதியது. "யாரு அனுப்சாங்க உன்ன? கெய்வன் அனுப்சானா? கூப்ட்டுகினு வரச் சொன்னானா?"

"இல்லண்ணா! நானேதான்... அவருக்குத் தெரியாது..."

"நான் ஏன் அடிக்கலன்னு தெர்மா உனக்கு? அடிச்சிருந்தா அன்னிக்கே டீ குட்ச்சிட்டு மறந்திருப்பாரு. அவரு மறக்கக் கூடாது. சாவுற வரிக்கும் நெஞ்சில கல்லு மாதிரி கெடக்கணும். போ, போய்கினே இரு."

மூச்சு வாங்கியபடி சொன்னேன். "மறக்கலண்ணா. யாரு கேட்டத் தட்டினாலும் கண்ணாடியக் கழட்டிட்டுத்தான் போய் நிக்கிறாரு. நேத்து தண்ணி கேன்காரர் முன்னாடி நின்னாரு. நீங்கதான் வந்துட்டீங்கன்னு."

காலரைப் பிடித்த கை தளர்ந்தது. "டெய்லியுமா?" என்றார்.

"டெய்லியும்."

மறுநாள் காலையிலேயே மாடம்பாக்கத்தில் உஸ்மான் சார் வீட்டு முன்னால் குமரேசன் வந்து நின்றார். நான் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு உள்ளே சித்திகா அக்கா வழியை மறித்தார்.

"நீங்க யாருன்னு தெரியும். உங்க தம்பிக்கு நடந்தது கொடுமை. ஆனா ஒரு அடி பட்டா எங்க அத்தா செத்துடுவார். இது சும்மா சொல்றதில்ல, நான் மருந்து விக்கிறவ. பேசிட்டுப் போங்க. கை மட்டும் வேணாம்."

குமரேசன் அவரைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற கிழவரைப் பார்த்தார். கண்ணாடி பையில் இருந்தது, பல் செட் கைக்குட்டையில் இருந்தது, கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. லுங்கிக்குக் கீழே கால்கள் குச்சிபோல இருந்தன. குமரேசன் முகத்தில் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

"வுடுங்க கேப்டன். இன்னா இருக்குது உங்ககிட்ட அடிக்கிறதுக்கு? நான் கெளம்பறேன்" என்று திரும்பினார்.

"குமரேசா" என்றார் உஸ்மான் சார். "கையக் கட்டினதுக்கு அப்புறம் நீ திமிறி முறுக்கவே இல்லையேடா. விசில் சத்தம் உனக்கும்தான் கேட்டுச்சு. தப்பிச்சோம்டான்னு பேசாம கீழ வந்துட்ட."

அக்கா, "அத்தா!" என்று கத்தினார். அதற்குள் குமரேசன் திரும்பியிருந்தார். அவர் தள்ளியதில் அக்கா சுவரில் போய் விழுந்தார். நான் நடுவில் பாய்ந்தேன், முழங்கை என் வாயில் பட்டது, ஆடிக்கொண்டிருந்த பல் கையோடு வந்தது. குமரேசனின் முஷ்டி கிழவரின் தாடையில் இறங்கியது. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். உஸ்மான் சார் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பி அதிர்ந்தது. அவர் விழவில்லை. ரத்தம் தாடை வழியாகச் சட்டையில் இறங்கியது.

"பொய் சொன்னேன்டா" என்றார். "நீ முறுக்கின முறுக்குல கயிறு என் உள்ளங்கையக் கிழிச்சிருச்சு. முகாம் வர்ற வரைக்கும் முறுக்கினே. ஒரு நிமிஷம்கூட நீ சும்மா வரல. பொய் சொல்லலன்னா நீ அடிச்சிருக்க மாட்டே."

குமரேசன் அப்படியே கேட் ஓரம் உட்கார்ந்தார். சட்டையைக் கடித்துக்கொண்டு, மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார்.

"சித்திகா, டீ போடும்மா" என்றார் உஸ்மான் சார். அவரே தம்ளரைக் கொண்டுபோய்க் குமரேசனிடம் கொடுத்தார். போன் என் கையில்தான் இருந்தது. நான் எதையும் எடுத்திருக்கவில்லை.

மறுநாள் அவருடைய முகத்தில் பாதி கறுத்துவிட்டது. அதற்கடுத்த நாள் கழுத்து, தோள் வரை நாவல்பழ நிறம். ஸ்கேன் எடுக்கலாம் என்று அக்கா கெஞ்சினார், மிரட்டினார், சோறு போடமாட்டேன் என்றார். அசையவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற எல்லாருக்கும் அந்தக் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். கேட் தட்டினால் கண்ணாடியைக் கழற்றவில்லை. போட்டுக்கொண்டே, "வா சாலமன்" என்று தூரத்திலேயே பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த வாரமே ஒருநாள் காலையில் வாந்தி எடுத்தார், நாக்கு குழறியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நினைவு போய்விட்டது. தலைக்குள் ரத்தக் கசிவு. அன்றைக்கே இறந்தார்.

முகத்தைப் பார்த்துவிட்டு போலீஸ் கேட்டது. "கேட்ல இடிச்சுகிட்டார்" என்று அக்கா சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அக்கா போன் செய்தார். "அந்த ஆள் வேலை செய்ற இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ." எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. கறுப்பு புர்காவில், பைக்கின் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாவலூர் வரை வந்தார்.

குமரேசன் மொட்டைமாடியில் இருக்கிறார் என்றார்கள். கீழே கூப்பிடுகிறேன் என்றான் டேனியல். "வேணாம், நான் மேல போறேன்" என்றார் அக்கா. சரக்கு லிஃப்ட்டில் ஏறினோம். கூடவே டேனியலும் வந்தான்.

மாடியில் காற்று அள்ளியது. குமரேசன் விளிம்பில் குனிந்து முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக் கயிறு இரும்பு வளையத்தில் மாட்டியிருந்தது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். செய்தி அவருக்குத் தெரியும். கைகளைத் தொங்கவிட்டு நின்றார்.

அக்கா அறைந்தார். பிறகு மறு கன்னம். பிறகு முஷ்டியை மடக்கி, நெஞ்சில், கழுத்தில், அந்த உடைந்த தாடையில். "சொன்னேன்ல! சொன்னேன்ல! மருந்து விக்கிறவன்னு சொன்னேன்ல!" குமரேசன் தடுக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஓர் எட்டு பின்னால் போனார். குதிகால் விளிம்பில் தட்டியது. உடம்பு வெளிப்பக்கம் சாய்ந்தது. நானும் டேனியலும் ஓடிப்போய் அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். அவர் உள்ளே வந்து விழுந்தார். அக்கா குனிந்து இன்னும் ஒன்று வைத்தார். அப்புறம்தான் நிறுத்தினார்.

லிஃப்ட்டில் நான்கு பேரும் இறங்கினோம். குமரேசன் உதட்டிலிருந்து ரத்தம் சொட்டியது. பார்க்கிங்கில் கதவு திறந்தது.

அக்கா வெளியே வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கைகளைத் தொங்கவிட்டார்.

"கீழ வந்தாச்சு. அடிங்க."

"மேஸ்திரி, வோணாம்" என்றான் டேனியல். "லேடீஸ். அதுவும் சாவு வூட்டுக்காரங்க."

குமரேசன் வாயைத் திறந்தார்.

"அப்பறம்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார் அக்கா. "எங்க அத்தாவுக்குப் பொறுமை இருந்துச்சு, காத்துகிட்டு இருந்தார். எனக்கு இல்ல. நாளைக்கு எங்க வீட்டு கேட் தட்டுனா நான் கண்ணாடி போட்டுகிட்டுப் போய்த் திறக்கணும். அடிங்கண்ணா."

குமரேசன் கையைப் பேன்ட்டில் துடைத்தார். அழுக்குப் போகும்வரை துடைத்தார். பிறகு அறைந்தார். தூண்களில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேனைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்தார்.

எங்கிருந்தோ விசில் சத்தம். ஆண் ஒருவன் பெண்ணை அடிப்பதைப் பார்த்துவிட்ட செக்யூரிட்டி, விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். குமரேசன் முகத்தைத் தூக்கி மேலே, கான்கிரீட் கூரையைப் பார்த்தார்.

"ஊதாதீங்க!" என்று அக்கா செக்யூரிட்டியிடம் கத்தினார். "ஒண்ணுமில்ல. எங்க வீட்டு விஷயம். விசிலைக் கீழ போடுங்க முதல்ல."

விசில் நின்றது. குமரேசன் இன்னும் மேலேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னிடமிருந்து கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஒரு கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்து கிடந்தன. வேனுக்குள் எட்டி ஃபிளாஸ்கை எடுத்தார், மூடியில் டீயை ஊற்றினார், குமரேசனின் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"சூடா இருக்கு. பார்த்துக் குடிங்க" என்றார்.